திருப்பிப் போட்டால் வேறா?

கணக்கு இதுதான். ஒரே அளவுள்ள ஐந்து சதுரங்கள். ஒன்றின் பக்கம் இன்னொன்றின் பக்கத்தோடு முழுதாக ஒட்டியிருக்க வேண்டும். மூலையோடு மூலை தொட்டால் செல்லாது. பாதிப் பக்கம் ஒட்டினாலும் செல்லாது. இந்த ஐந்தை வைத்து எத்தனை வெவ்வேறு வடிவங்கள் அமைக்கலாம்?

என்.சி.இ.ஆர்.டி. 2008-ல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்பு 'மேத் மேஜிக்' புத்தகத்தில், 'எத்தனை சதுரங்கள்?' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாடம் உண்டு. அதில் வரும் கணக்கு இது. பெருக்கல் வாய்ப்பாடு வேண்டாம், பின்னம் வேண்டாம். காகிதமும் கத்தரிக்கோலும் இருந்தால் பத்து வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து செய்துவிடலாம். 2019-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெளியே மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாணேயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஐந்து பேர் பகல் முழுவதும் மல்லுக்கட்டினோம்.

கணக்கைக் கொண்டுவந்தவள் மேல் மாடிச் சிறுமி. அவளுடைய அப்பாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை. தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக உண்டு. அவருடைய குடும்பமும் அதில் ஒன்று. தாராவியிலிருந்து தாணேக்கு வீடு மாறியது மகளின் படிப்புக்காக. தினமும் காலையில் ஸ்லோ வண்டி பிடித்து சயானில் இறங்கிப் பட்டறைக்கு நடப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகள் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, மாலையில் டியூஷன்.

அவள் என் முன்னால் நீட்டிய நோட்டில், பளபளப்பான நீல வண்ணக் காகிதத்தில் வெட்டிய 18 வடிவங்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஆறின் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே டியூஷன் ஆசிரியை எழுதியிருந்தார்: 12.

"எனக்கு ஆறு தப்பு, ஆன்ட்டி" என்றாள். "ஏன் தப்புன்னு கேட்டேன். கைடுல 12-தான் இருக்குன்னாங்க. எனக்குக் கணக்கு வராது."

கடைசி வாக்கியத்தை அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதோ முடிவாகிவிட்ட ஒரு விஷயத்தைத் தெரிவிப்பது போல இருந்தது. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையும் என் பிழைப்பு. கணக்குக்கும் எனக்கும் பெரிய உறவு கிடையாது. ஆனால் 18 வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஒன்றுகூட அப்பட்டமாக இன்னொன்றின் நகலாகத் தெரியவில்லை. உதவிக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

எங்கள் குடியிருப்பில் அதற்குப் பஞ்சமில்லை. முதல் மாடியில் இருப்பவர் செம்பூரில் வளர்ந்த தமிழர், அரசு வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்றவர். எதிர் வீட்டு மராத்தியர் மாட்டுங்கா ரயில்வே பட்டறையின் டிராயிங் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் வரைபடம் போட்டவர். சிறுமிக்கு அவர் காகா. இருவரும் வந்தார்கள். மழையில் வேறு எங்கும் போக வழியில்லை என்பதும் ஒரு காரணம்.

காகா நோட்டைப் பார்த்துவிட்டு "கிதி ஆகார் ஆஹேத்?" என்று உரக்கக் கேட்டார். எத்தனை வடிவங்கள் என்று அர்த்தம். உள்ளேயிருந்து அம்மா, "அவருக்கு ஆகாரம் ஆகலையா? உப்புமா இருக்கே" என்றாள். மராத்தியில் ஆகார் என்றால் வடிவம். தமிழ் எழுத்தில் எழுதினால் சாப்பாடும் வடிவமும் ஒன்றாகிவிடுகின்றன. உப்புமா வந்தது. அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

வங்கி அதிகாரி முதலில் கேட்டது, "ஃபார்முலா என்ன?" அவர் அனுபவத்தில் சூத்திரம் இல்லாத கணக்கு கிடையாது. வட்டிக்கு உண்டு, தவணைக்கு உண்டு, தேய்மானத்துக்கு உண்டு. ஐந்து சதுரத்துக்கு இல்லாமல் போகுமா? கட்டம் போட்ட பழைய லெட்ஜர் தாளை எடுத்து வரிசை மாற்றம், சேர்மானம் என்று எழுத ஆரம்பித்தார். கணக்கு எங்கெங்கோ போனது. பிறகு சூத்திரத்தை விட்டுவிட்டு, கட்டங்களைப் பேனாவால் நிரப்பிக்கொண்டே போனார். முப்பதைத் தாண்டியது. "முடியற மாதிரி தெரியலையே" என்று பேனாவை மூடினார்.

அவர் தேடிய சூத்திரம் யாரிடமும் கிடையாது. ஒரு சதுரத்தால் ஒரு வடிவம், இரண்டால் ஒன்று, மூன்றால் இரண்டு, நான்கால் ஐந்து, ஐந்தால் பன்னிரண்டு, ஆறால் முப்பத்தைந்து, ஏழால் நூற்றெட்டு என்று இந்த வரிசை வளர்கிறது. இத்தனை சதுரத்துக்கு இத்தனை வடிவம் என்று நேராகச் சொல்லும் சூத்திரத்தைக் கணித உலகம் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டும் ஏதோ ஒரு வகையில் எண்ணித்தான் ஆக வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்த குழந்தை செய்வதும் அதுதான்.

காகாவின் வழி வேறு. அவர் அவசரப்படவில்லை. முதலில் நான்கு சதுரங்களால் ஆகும் ஐந்து வடிவங்களையும் வரைந்துகொண்டார். ஒவ்வொன்றின் விளிம்பிலும், எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஐந்தாவது சதுரத்தை ஒட்டிப் பார்த்தார். இப்படிப் போனால் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் ஒரே வடிவம் பல தடவை வரும். அதைப் பிடிக்க அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். டிரேசிங் பேப்பர். ஒரு வடிவத்தை அதில் வரைந்து, இன்னொன்றின் மேல் வைத்துச் சுழற்றிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் தாளைப் புரட்டிப் போட்டுப் பார்ப்பார். பொருந்தினால் ஒன்றை அடித்துவிடுவார். பதினாலில் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற அம்மா, "இதும் இதும் ஒண்ணு, அதும் அதும் ஒண்ணு" என்று இரண்டு ஜோடிகளைக் காட்டினாள். பன்னிரண்டு.

"பாரா" என்றார் காகா. மராத்தியில் பன்னிரண்டு. டியூஷன் ஆசிரியை சொன்னது சரிதான் என்று கூடம் முடிவு செய்தது. சிறுமி நோட்டை மூடினாள்.

அந்தப் பாடத்தில் கிளைக் கேள்விகளும் உண்டு. அவளை விடக்கூடாது என்பதற்காக நான் அடுத்ததைப் படித்தேன். இந்த வடிவங்களில் எதற்குச் சுற்றளவு மிக அதிகம்? வங்கி அதிகாரி மறுபடி உற்சாகமானார். நீளமாக இருப்பதற்குத்தான் அதிகம் என்றார். காகா, கூட்டல் குறி போல இருப்பதற்கு என்றார், அதற்குத்தான் மூலைகள் அதிகமாம். சிறுமி விரலை விளிம்பில் ஓட்டி எண்ணினாள். நீளக் கம்பு 12. கூட்டல் குறி 12. படிக்கட்டு 12. எல்லாமே 12. நான்கு சதுரம் கட்டியாகச் சேர்ந்து அதன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் வடிவத்துக்கு மட்டும் 10. பதினொரு வடிவங்கள் முதலிடத்தில்! பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'எது அதிகம்' என்று கேட்டால் ஒன்றுதான் இருக்கும் என்று கேள்வியில் எங்கும் சொல்லவில்லை. நாற்பது வருடம் பரீட்சையும் பதவி உயர்வும் பார்த்தவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டது அது.

அப்போதுதான் முதல் கேள்வியை நான் மறுபடி படித்தேன். மொழிபெயர்ப்பவர்களுக்குப் பெயர்ச்சொல்லில் அவ்வளவு தொல்லை வராது, பெயரடையில்தான் மாட்டிக்கொள்வோம். 'எத்தனை வெவ்வேறு வடிவங்கள்?' சதுரம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வடிவம் என்பதும் புரிகிறது. 'வெவ்வேறு' என்றால் என்ன? எப்போது இரண்டு வடிவங்கள் வேறு, எப்போது அவை ஒன்று? அதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நீ எப்படி வேறன்னு முடிவு பண்ணினே?" என்று அவளைக் கேட்டேன்.

"சுத்திப் பார்த்தேன் ஆன்ட்டி. சுத்தினா அதே மாதிரி வந்தா ஒண்ணு. வரலைன்னா வேற."

"திருப்பிப் பார்க்கலையா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "திருப்பினா வெள்ளை வரும்."

வண்ணக் காகிதம் ஒரு பக்கம்தான் நீலம். பின்பக்கம் வெறும் வெள்ளை. திருப்பிப் போடுவது என்ற எண்ணமே அவளுக்கு வர நியாயமில்லை. வாசகர்கள் ஒரு காகிதத்தில் செய்து பார்க்கலாம். நான்கு சதுரங்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, அடியில் வலது பக்கம் ஐந்தாவதை ஒட்டினால் ஹாக்கி மட்டை போல ஒரு வடிவம் வரும். அதை மேஜை மேல் எப்படிச் சுழற்றினாலும், இடது பக்கம் வளைந்த மட்டையாக ஆகாது. கையில் எடுத்துப் புரட்டினால்தான் ஆகும். பன்னிரண்டில் ஆறு வடிவங்கள் இப்படி. மற்ற ஆறு சமச்சீரானவை. நம் 'ப' எழுத்து போல ஒன்று, 'ட' போல ஒன்று, கம்பு, கூட்டல் குறி, படிக்கட்டு, ஆங்கில 'டி'. இவற்றைப் புரட்டினாலும் புதிதாக எதுவும் கிடைக்காது. புரட்டக்கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறுக்கும் இடம் ஒன்று வலம் ஒன்றாகப் பன்னிரண்டு, சமச்சீரானவை ஆறு. மொத்தம் 18. சிறுமி ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றைக்கூட இரண்டு தடவை எண்ணவில்லை.

காகா ஒப்புக்கொள்ளவில்லை. தாளில் ஒரு கோடு இருந்தால் அதை இந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், அந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், கோடு அதே கோடுதான் என்றார். டிரேசிங் பேப்பரோடு வாழ்ந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? வங்கி அதிகாரி, கைடில் இருப்பதை விட்டுவிட்டு நாமாக ஏன் குழப்ப வேண்டும் என்றார். அம்மா, "இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் ஒண்ணா?" என்று கேட்டாள். காகா கொஞ்சம் யோசித்தார். செருப்பை யாரும் கணக்குப் புத்தகத்தில் வைப்பதில்லை என்றார்.

மூன்று மணி வாக்கில் சிறுமியின் அப்பா வந்தார். ஞாயிறு பட்டறை அரை நாள். குடையை வெளியே வைத்துவிட்டு, மகளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தவர், இத்தனை பெரியவர்கள் காகிதத் துண்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார். விஷயத்தைச் சொன்னோம். ஹாக்கி மட்டைகள் இரண்டையும் அவரிடம் காட்டி, இவை ஒன்றா வேறா என்று கேட்டேன்.

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வேறதான்க்கா. தோலுக்கு முகம் உண்டுல்லா? மேல் பக்கம் வழவழன்னு இருக்கும், அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்கும். பையில இடப்பக்கத் துண்டும் வலப்பக்கத் துண்டும் மாறிப்போச்சுன்னா ரெண்டும் குப்பைக்குத்தான். வேலைக்குச் சேர்ற பையனுக்கு முதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்போம்."

"அப்ப ரெண்டுக்கும் ரெண்டு பேட்டர்ன் வெட்டுவீங்களா?" என்று காகா இந்தியில் கேட்டார்.

"இல்ல காகா, ஒரே அட்டைதான். ஒரு தடவை இப்படி வச்சு வரைவோம், அப்புறம் புரட்டி வச்சு வரைவோம். அட்டையத் திருப்பலாம். தோலத் திருப்ப முடியாது."

காகா சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய பன்னிரண்டும் அவளுடைய பதினெட்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை அந்த ஒரு வாக்கியம் அவருக்குச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு அட்டைகள், பதினெட்டுத் துண்டுகள். அவர் லெட்ஜர் தாளில் அதை எழுதி, இரண்டையும் அடிக்கோடிட்டார்.

அதன் பிறகு நான் தேடிப் படித்ததில் தெரிந்தது, இந்தத் தகராறு எங்கள் கூடத்துக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. இங்கிலாந்தின் புதிர்க் கலைஞர் ஹென்றி டூடனி 1907-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரு சதுரங்கப் பலகை 13 துண்டுகளாக உடைந்துபோவதாக ஒரு புதிர் வருகிறது. ஐந்து கட்டத் துண்டுகள் பன்னிரண்டு, நான்கு கட்டத் துண்டு ஒன்று; மொத்தம் 64 கட்டங்கள். 1953-ல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த சாலமன் கோலம்ப் இவற்றுக்கு பென்டோமினோ என்று பெயர் வைத்தார். மார்ட்டின் கார்ட்னர் 1957-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவியது. கணிதக்காரர்கள் மூன்று எண்களையும் வைத்திருக்கிறார்கள். சுழற்றலாம், புரட்டலாம் என்றால் 12. சுழற்றலாம், புரட்டக்கூடாது என்றால் 18. இரண்டுமே கூடாது, கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எண்ண வேண்டும் என்றால் 63. லெட்ஜர் தாளில் பேனாவால் நிரப்பிக்கொண்டு போன வங்கி அதிகாரி இந்த மூன்றாவது எண்ணை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

மூவரும் அவரவர் தொழிலின் காகிதத்தில் கணக்கைப் போட்டார்கள். இருபுறமும் தெரியும் தாளில் போட்டவருக்குப் பன்னிரண்டு. ஒரு முகம் உள்ள தாளில் போட்டவளுக்குப் பதினெட்டு. அசைக்க முடியாத கட்டத்தில் போட்டவருக்கு அறுபத்து மூன்று.

பதினெட்டு என்பது ஏதோ ஒப்புக்குச் சொன்ன விடை அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ், பென்டோமினோத் துண்டுகளைப் பார்த்துத்தான் டெட்ரிஸ் விளையாட்டை உருவாக்கினார். ஐந்து சதுரம் சிக்கலாக இருந்ததால் நான்காகக் குறைத்துக்கொண்டார். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைத்தெருவெல்லாம் கைக்கு அடக்கமாக விற்ற பிரிக் கேம் பெட்டியின் மூலம் அதுதான். நான்கு சதுரங்களால் ஐந்து வடிவங்கள் என்று காகா வரைந்தாரே, டெட்ரிஸில் விழும் துண்டுகள் எத்தனை? ஏழு. ஏனென்றால் அந்த விளையாட்டில் துண்டைச் சுழற்றலாம், புரட்ட முடியாது. இடமும் வலமும் தனித்தனி. ரயிலில் அந்தப் பெட்டியைத் தட்டிக்கொண்டு போன பல லட்சம் பேர், இந்தச் சிறுமியின் விதியைத்தான் ஏற்றுக்கொண்டு விளையாடினார்கள். யாரும் அதில் இரண்டு துண்டுகளின் மேல் சிவப்புக் கோடு போடவில்லை.

எனக்கு இது பழகிய இடமாகவே பட்டது. ஒரு மராத்தி வாக்கியத்தைத் தமிழில் எழுதிவிட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்வது என் அன்றாட வேலை. சொல் வரிசை மாறலாம் என்பது உடன்பாடு. 'நீ' என்பது 'நீங்கள்' ஆகலாமா? அங்கே சண்டை வரும். எதை மாற்றினால் அதே, எதை மாற்றினால் வேறு என்று முதலில் பேசிக்கொள்ளாமல், மொழிபெயர்ப்பு சரியா தப்பா என்று சொல்ல முடியாது. கணக்கில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே விடை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். ஆனால் அங்கேயும் உடன்பாடு முதலில், எண் பிறகுதான். பெரியவர்களாகிய நாம் அந்த உடன்பாட்டை எப்போதோ செய்துகொண்டு, செய்ததையே மறந்துவிடுகிறோம். அதைச் சொல்லிக்கொடுக்காமல் எண்ணை மட்டும் கேட்கிறோம்.

2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம். பெரும்பான்மைக் குழந்தைகளிடம் கணக்கு உண்டாக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் முதல் பிரச்னையாக அந்த அறிக்கை சொன்னது. குழந்தை கணிதமாகச் சிந்திக்கப் பழக வேண்டும், வழிமுறைகளை ஒப்பிப்பது போதாது என்றது. அந்தச் சிந்தனையில் வந்தவைதான் 'மேத் மேஜிக்' புத்தகங்கள். நல்ல புத்தகம். ஆனால் புத்தகத்துக்கும் குழந்தைக்கும் நடுவே டியூஷனும் கைடும் நிற்கின்றன. கைடில் கேள்விக்கு எதிரே ஓர் எண் இருக்கும். யோசிப்பதற்காகக் கேட்ட கேள்வி, அந்த எண் வந்ததும் செத்துப்போகும். 2025-ல் ஐந்தாம் வகுப்புக்கு 'மேத்ஸ் மேளா' என்ற புதுப் புத்தகம் வந்துவிட்டது. எத்தனை புத்தகம் மாறினாலும் கைடு கூடவே வரத்தான் செய்யும்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சின்ன அறையில் இருபது குழந்தைகளை உட்காரவைத்து, ஆறு பாடம் சொல்லித்தருபவர். ஒவ்வொரு நோட்டிலும் ஒட்டிய வடிவங்களைச் சுழற்றிப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

அன்று மாலை பிரச்னை வேறு விதமாகத் திரும்பியது. காகா, தானே போய் டியூஷன் ஆசிரியையிடம் பேசுவதாகச் சொன்னார். அதற்குள் அவருக்குப் பதினெட்டின் மேல் பக்தியே வந்துவிட்டிருந்தது. சிறுமியின் அப்பாவின் முகம் மாறியது.

"வேண்டாம் காகா. பரீட்சையில பன்னெண்டுன்னுதான எழுதணும்? எழுதிட்டுப் போவட்டும். நான் வெட்டுற தோலுக்கு இந்தக் கணக்கு. பேப்பர் திருத்துறவங்களுக்கு அந்தக் கணக்கு."

அவர் சொன்னதில் பயம் இருந்தது. அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் ஆங்கிலப் பள்ளியின் படியை முதலில் மிதித்தவள் அவள். தாராவியிலிருந்து தாணேக்கு வந்த வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், டியூஷன் கட்டணம் எல்லாம் தோலுக்கு முகம் உண்டு என்ற அறிவிலிருந்துதான் வருகின்றன. ஆனாலும் அந்த அறிவைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டுத்தான் மகள் உள்ளே போக வேண்டும் என்று அவர் நினைத்தார். தன் தொழிலில் கணக்கு எதுவும் இல்லை என்று உண்மையாகவே நம்பினார்.

சிறுமி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து என்னிடம் காட்டி, ஆங்கிலம் சரியா என்று கேட்டாள். இரண்டே வரி. திருப்பலாம் என்றால் 12. திருப்பக்கூடாது என்றால் 18. 'வெவ்வேறு' என்ற சொல்லுக்கு விளக்கம் அந்த இரண்டு வரியில் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையைத் தவிர நான் எதையும் தொடவில்லை.

மறுநாள் டியூஷன் ஆசிரியை அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. 12-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். 18-ஐ அடிக்கவும் இல்லை. "அடிக்கலை ஆன்ட்டி" என்று மாடிப்படியிலேயே நின்று சொல்லிவிட்டு ஓடினாள். பிற்பாடு அவள் கணித மேதையாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை, இப்போது ஜூனியர் காலேஜில் காமர்ஸ் படிக்கிறாள். தனக்குக் கணக்கு வராது என்று அவள் சொல்லி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா பட்டறையிலிருந்து ஒரு சின்னப் பை கொண்டுவந்தார். உள்ளே, கழிவுத் தோலில் வெட்டிய பன்னிரண்டு துண்டுகள். இரண்டு தோல்களை முதுகோடு முதுகு ஒட்டி வெட்டியிருந்தார். காகாவுக்காக இரண்டு பக்கமும் முகம்.

பன்னிரண்டையும் சேர்த்தால் 60 சதுரங்கள். ஆறுக்குப் பத்து என்ற செவ்வகத்தில் அவற்றைச் சந்து விடாமல் அடுக்க முடியும். எத்தனை வழிகளில் என்பதை 1960-ல் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்: 2,339. மூன்றுக்கு இருபது என்ற குறுகலான செவ்வகத்தில் என்றால் இரண்டே வழிதான். கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இந்தப் பித்துப் பிடித்து, 1975-ல் வெளிவந்த தன் 'இம்பீரியல் எர்த்' நாவலிலேயே இதை நுழைத்திருக்கிறார். இரண்டாயிரத்துக்கு மேல் விடை இருக்கும் புதிரில் ஒன்றாவது கிடைக்காதா என்று நாங்களும் உட்கார்ந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். காகா ஒழுங்குமுறையோடு தோற்றார். வங்கி அதிகாரி கோபத்தோடு தோற்றார். அம்மா, மிஞ்சும் துண்டு எப்போதும் கூட்டல் குறியாகவே இருக்கிறது, அதை முதலிலேயே வைத்துத் தொலையுங்கள் என்றாள். நல்ல யோசனைதான். அதற்குப் பிறகு வேறு துண்டு மிஞ்சியது.

மூன்றாவது ஞாயிறு சிறுமியின் அப்பா குனிந்து உட்கார்ந்தார். கோணல்மாணலான தோலில், வடுவையும் ஓட்டையையும் தவிர்த்துத் துண்டுகளை நெருக்கிப் போடுவதுதான் அவருக்குத் தினசரி வேலை, லாபமே அதில்தான். கைகள் வேகமாகப் போயின. பத்தே நிமிடத்தில் பதினொரு துண்டுகள் உட்கார்ந்துவிட்டன. ஐந்து கட்டம் காலி. ஆனால் கையில் இருந்த துண்டின் வடிவம் அதற்கு இல்லை. அவர் நிமிர்ந்து திருப்தியாகச் சிரித்தார்.

"அறுபதுல அஞ்சுதான் வேஸ்ட். இந்த மாதிரி வெட்டு விழுந்தா அன்னிக்கு டீ என் செலவு."

"அப்பா, மிச்சமே வரக்கூடாதுப்பா" என்றாள் மகள், துண்டுகளைக் கலைத்தபடி. "இது தோல் இல்ல."